ஏரி தூக்கத்தில் பேசுகிறது

பத்தொன்பது குளிர்காலமாகத் துருவ ஒளி காட்ட ஆட்களைக் கூட்டிப்போகிறேன். என்னிடம் வந்தவர்களில் ஒருவருக்கு விரல் நுனி மரத்துப்போனது என்றுகூடப் புகார் வந்ததில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதையெல்லாம் கேட்ட பிறகு இதை எழுத உங்களுக்கு மனசு வராது.

நீங்கள் கடற்கரைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி என்று காவல் நிலைய வாசலில் சொன்னார்கள். அப்படியென்றால் பனிமான் மேய்க்கும் எங்கள் சாமி இனத்தாரின் மொழி உங்களுக்குத் தெரியாது. அது ஒன்றும் குறையில்லை. என் விருந்தாளிகளுக்கும் தெரியாது, அதை வைத்துத்தான் என் பிழைப்பே ஓடுகிறது. சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு சின்ன அட்டை வைப்பேன். மேலே எங்கள் சொல் ஒன்று, கீழே ஆங்கிலத்தில் அதன் பொருள். இன்றைய சொல் என்று அதற்குப் பெயர். மிதித்தால் நொறுங்கும் பனிக்கு ஒரு சொல், பனிமான் குளம்பால் கிளறிப்போட்ட பனிக்கு ஒரு சொல். முதல் சில வருடம் உண்மையான பொருளைத்தான் எழுதினேன். ஆனால் உண்மை பெரும்பாலும் சப்பென்று இருக்கிறது. எங்கள் கரைக்கு மேலே இருக்கும் மேட்டின் பெயருக்குச் செத்த மானை இழுத்துப்போன இடம் என்று பொருள். அதைச் சொன்னால் யார் நின்று படம் எடுப்பார்கள்? மணப்பெண் திரும்பிப் பார்த்த மேடு என்று மாற்றிச் சொன்னேன். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஏரியின் பேச்சும் அப்படி வந்ததுதான். குளிர் திடீரென்று ஏறினால் உறைந்த ஏரி சத்தம் போடும். நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒரு நேரம் கம்பியைச் சுண்டிவிட்டது போல இருக்கும், ஒரு நேரம் காய்ச்சல்காரன் முனகுவது போல இருக்கும். விருந்தாளிகள் பயந்துவிடுவார்கள். உடனே பேச ஆரம்பிப்பார்கள், கைபேசி விளக்கைப் போடுவார்கள், பக்கத்தில் நிற்பவருக்கு வானம் தெரியாமல் போகும். சொன்னாலும் கேட்கமாட்டார்கள். எங்கள் பெரியவர்கள் சொன்னதெல்லாம் துருவ ஒளியைப் பார்த்து விசில் அடிக்காதே என்பதுதான். மிச்சத்தை நான் சேர்த்தேன்.

"ஒளி கீழ இறங்குறப்போ ஏரி தூக்கத்துல பேசும். அச்சு அசலா மனுஷக் குரல் மாதிரியே கேக்கும். யாரும் பதில் குடுக்கக்கூடாது, வெளிச்சம் காட்டக்கூடாது. எங்க ஆளுங்க யாரும் பதில் குடுக்க மாட்டோம்." இப்படிச் சொல்வேன்.

அதற்குப் பிறகு ஒரு சத்தம் கிடையாது. பன்னிரண்டு பேர் கரையில் வரிசையாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்த அமைதிக்காகவே என் இடத்துக்குப் பெயர் வந்தது.

என் அண்ணன் சம்மோல் இதைக் கேள்விப்பட்டபோது வயிறு வலிக்கச் சிரித்தார்.

"ஏன் தம்பி, உன் ஏரி எந்த மொழியில பேசும்? நம்ம மொழியா, இல்ல வந்தவங்களுக்குத் தோதா இங்கிலீஷா?"

"கிண்டல் பண்ணாதண்ணே."

"கிண்டல் இல்லடா. போன வருஷம் என் கத்தி அதுக்குள்ள விழுந்துபோச்சு. எங்க கிடக்குன்னு அடுத்த தடவை பேசுறப்போ கேட்டுச் சொல்லு."

அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவர். அப்பா போன பிறகு எனக்குப் பனிச்சறுக்குக் கட்டை மாட்டிவிட்டதிலிருந்து, மான் காதில் என் உரிமைக் குறியை வெட்டக் கற்றுத்தந்ததுவரை எல்லாம் அவர்தான். எட்டு வருடத்துக்கு முன்னால் இடுப்பு போனதும் நான் என் மான்களை விற்றுவிட்டேன். எங்களில் மான் இல்லாதவன் மேய்ச்சல் கூட்டத்தில் வாயைத் திறந்தால், கதவு இடுக்கில் காற்று வருகிறதென்று நினைத்துத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். எனக்கு மிஞ்சியது மூன்று வருடத்துக்கு முன்னால் வடக்குக் கரையில் கட்டிய ஐந்து கண்ணாடிக் கூரைக் குடில்கள். படுத்துக்கொண்டே ஒளியைப் பார்க்கலாம். கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் அறுபது கிலோமீட்டருக்கு ஒரு விளக்கு கிடையாது.

கஷ்டம் என்னவென்றால், ஏப்ரலில் சினை மான்கள் குட்டி போட வடக்கே போகிற வழியும் அதுதான். இரண்டு வசந்தமாக அவை குடில்களைப் பார்த்து மிரண்டு திரும்பிப் போயின. வழியில் உள்ள ஆற்றைத் தாண்டாமல் இந்தப் பக்கமே குட்டி போட்டன. நிறையக் குட்டிகள் செத்தன. நான் என்ன, மான்களை வேண்டுமென்றா விரட்டினேன்? போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை கூட்டம் கூடி இதை முடிவு செய்வதாக இருந்தது. புதன்கிழமை அண்ணன் என் சமையலறைக்கு வந்தார். எங்கள் வழக்கப்படி காப்பியில் பாலாடைக்கட்டியை வெட்டிப் போட்டு, ஊறட்டும் என்று காத்திருந்தார்.

"சனிக்கிழமை எழுந்திரிச்சுப் பேசப்போறேன். உன்கிட்ட மொதல்ல சொல்லாமப் பேசினா நல்லா இருக்காது" என்றார்.

"என்னன்னு பேசப்போற?"

"குடிலைப் பிரிச்சுத் தெக்குக் கரைக்குக் கொண்டுபோகச் சொல்லி."

"தெக்குக் கரையில ஊர் வெளிச்சம் விழும். வானமே தெரியாது. யாருண்ணே வருவா?"

"அது எனக்குப் புரியுது. மானுக்குப் புரியலையே தம்பி. உனக்கு வாய் இருக்கு, எங்க போனாலும் பேசிப் பொழைச்சுக்குவ. அதுக்கு வயித்துல குட்டி மட்டும்தான் இருக்கு."

"அப்ப என்னைத் தெருவுல நிறுத்துற."

"பைத்தியக்காரத்தனமாப் பேசாத. பிரிக்கிறதுக்கு நானும் பசங்களும் வரோம். நீ ஒத்தையா நின்னு மறுபடி இடுப்பை ஒடிச்சுக்காத."

அவர் பேசினால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம். அவர் சொல்லை மறுத்துப் பேச அங்கே யாரும் கிடையாது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் நான் ஏதாவது செய்திருக்கலாம். கெட்டவனோடு சண்டை போடலாம், வக்கீல் வைக்கலாம். ஊறிய பாலாடைக்கட்டியைக் கரண்டியால் எடுத்து என் தட்டில் வைத்துவிட்டு உன் குடிலைப் பிரி என்று சொல்கிற மனிதரை என்ன செய்வது?

வியாழக்கிழமை காலை வழக்கம்போல ஏரியில் துளை போட்டுப் பனிக்கட்டியின் கனம் பார்த்தேன். வாரத்துக்கு இரண்டு தடவை பார்ப்பேன், அதில் நான் குறை வைப்பதில்லை. ஏரி குறுகுகிற இடத்தைக் கழுத்து என்று சொல்வோம். அடியில் நீரோட்டம் உண்டு. என் பனி ஸ்கூட்டர் தடம் அதன் மேலேதான் போகும். மற்ற இடத்தில் முழங்கை நீளத்துக்கு உறைந்திருந்தது. கழுத்தில் நான்கு விரல் கனம்தான். மேலே பனி மூடியிருந்ததால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு ஆள் கட்டையில் சறுக்கிப் போகலாம், ஸ்கூட்டர் போக முடியாது.

இந்த மாதிரி கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கண்டவன் ஆபத்துக் குறி நட வேண்டும். பூர்ச்சமரக் கிளை இரண்டை வெட்டி, தடத்தின் குறுக்கே ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து, இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் நட்டுவிட்டுத்தான் மறுவேலை. காப்பிகூட அப்புறம்தான். குறுக்குக் கிளை நின்றால் அந்த வழி போகக்கூடாது என்று அர்த்தம். கோடாலி என் வண்டியில் இருந்தது. ஆனால் அல்தா விமான நிலையத்திலிருந்து பேருந்து ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டது. பன்னிரண்டு பேர் மெல்லிய காலணியோடு பனியில் நிற்கிறார்கள். நான் கிளம்பி வந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளலாம். அதுவரை உங்கள் சட்டத்தில் குற்றம் ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன்.

நான்கு மணிக்கு அண்ணன் போன் செய்தார்.

"நாலு மான் கூட்டத்தை விட்டுப் பிரிஞ்சு உன் கரைப் பக்கம் வந்திருக்கு. ஆறு, ஆறரைக்கு வரேன். சுத்திக்கிட்டு வர நேரமில்ல, ஸ்கூட்டர்ல உன் தடத்துலயே வந்துடுறேன். கழுத்துல எப்படி இருக்கு?"

"எப்பவும் போலத்தான்."

"சரி. குழம்பு மிச்சம் வை."

நாற்பது வினாடி பேசினோம் என்று உங்களிடம் இருக்கும் போன் பதிவில் இருக்கும். அதில் இருந்தது இவ்வளவுதான். நான் சொன்ன அந்த வார்த்தையைப் பற்றி ஒரு வருடமாக யோசித்திருக்கிறேன். அது பொய் இல்லை. கழுத்தில் எப்பவுமே ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது. எப்பவும் போலத்தான் என்றால் பார்த்து வா என்றுகூட அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம். அவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

சாப்பாட்டுக்கு மான்கறியும் உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டுக் குழம்பு வைத்திருந்தேன். ஒரு கிண்ணம் எடுத்து மூடி அடுப்போரம் வைத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். வரமாட்டார் என்று நினைக்கிறவன் குழம்பு எடுத்து வைப்பானா?

ஆறரை மணிக்கு எல்லோரையும் கரைக்கு அழைத்துப் போனேன். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு. கனத்த உடுப்புகளை நானே ஒவ்வொருவருக்கும் கழுத்துவரை இழுத்துப் பூட்டிவிட்டேன். ஏரியைப் பற்றி வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். வடக்கே பச்சையாக ஒரு கோடு கிளம்பியிருந்தது. அப்போது எதிர்க்கரையில் ஒரு விளக்கு தெரிந்தது. மெதுவாக ஏரிமேல் இறங்கி வந்தது. பிறகு அணைந்தது.

"அது யாரு, மைக்?" என்று ஒரு இளைஞர் கேட்டார். மிக்கல் என்ற என் பெயரை இவர்கள் மைக் ஆக்கிவிட்டார்கள்.

"இங்க உள்ளவர்தான். நமக்கு வானம் தெரியணும்னு விளக்கை அணைச்சுட்டார். விவரம் தெரிஞ்ச மனுஷன்."

இரண்டு மூன்று பேர் நன்றியோடு தலையாட்டினார்கள்.

அதற்குப் பிறகு கழுத்துப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. கழுத்து அங்கிருந்து நானூறு மீட்டர். என் குடில்களின் பின்சுவரில், ஏரியில் விழுந்தவரை இழுத்துப்போடக் கயிறும் நீளக் கழியும் தொங்குகின்றன, சட்டப்படி தொங்க வேண்டும். இரண்டு ஸ்கூட்டர், பன்னிரண்டு ஜோடிக் கைகள். நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஏரியும் அன்று சத்தம் போட்டுக்கொண்டுதான் இருந்தது. அது ஏரிதான் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்றுதான் போன வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விருந்தாளிகளில் ஹன்னெகே என்று நெதர்லாந்துக்கார அம்மா ஒருவர். பள்ளிப் பாட்டுக் குழுவுக்கு முப்பது வருடம் பாட்டுச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"மைக், அது ஆள் குரல் மாதிரி இருக்கே" என்று காதோடு சொன்னார்.

"அப்படித்தான் இருக்கும்னு சொன்னேனேம்மா."

"இல்ல, ஒரே சொல்லு திரும்பத் திரும்ப வருது. ஏரி எப்படி ஒரே சொல்லைச் சொல்லும்?"

"வயசான ஏரி. சொன்னதையேதான் சொல்லும்."

பின்னால் யாரோ அடக்கிச் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, அந்தச் சொல்லை அதே ஏற்ற இறக்கத்தோடு, சன்னமாகத் திருப்பிச் சொன்னார். ஒரு எழுத்து பிசகவில்லை.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. என் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அது மனிதன்தான் என்று சொன்னால், இத்தனை நேரம் ஏன் நின்றாய் என்று கேட்பார்கள். முதல் குரலுக்கே ஓடியிருந்தால் ஒரு கேள்வியும் இல்லை. இரண்டாவதுக்கு ஓடியிருந்தாலும் காது மந்தம் என்று சொல்லலாம். ஐந்தாறு ஆன பிறகு என்னவென்று சொல்லிக்கொண்டு ஓடுவது? தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. அந்த இடத்தில் அசைய முடியாமல் நின்றவன் நான் என்பது யாருக்குமே புரியாது.

"ஏரி தூக்கத்துல பேசுதுன்னு அர்த்தம்" என்றேன்.

அந்த அம்மா கையுறையைக் கழற்றி, அந்தக் குளிரில், சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் குரல் நின்றது. அதன் பிறகுதான் ஒளி முழுதாக இறங்கியது. பச்சையும் ஓரத்தில் சிவப்புமாக, தலைக்கு நேர் மேலே. ஐந்து வருடத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். கனத்த கையுறையோடு தட்டினால் சத்தம் ரொம்ப மெதுவாகத்தான் வரும்.

அவர்களுக்கு என்னிடம் ஒரு இரவுதான். மறுநாள் விடியுமுன்னே திமிங்கிலம் பார்க்கக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். எல்லோரும் படுத்த பிறகு நான் கோடாலியோடு கழுத்துக்குப் போனேன். ஸ்கூட்டர் உடைத்துக்கொண்டு விழுந்த துளையின் மேல் அதற்குள் புதிதாகப் பனி ஏடு படிந்திருந்தது. முதல் வேலையாகச் செய்திருக்க வேண்டியதைக் கடைசி வேலையாகச் செய்தேன். கிளைகளை இந்தப் பக்கமும், கரையோரமாகச் சுற்றிப்போய் அந்தப் பக்கமும் நட்டேன். வேறு யாராவது வந்து விழுந்துவிடக்கூடாது என்ற எண்ணம்தான்.

காலையில் அண்ணி ரிஸ்டென் போன் செய்தார். தேடுகிற ஆட்களுக்கு நானே முன்னால் போனேன். உங்களுக்கு முன்னால் இருந்த அதிகாரி கிளைகளைப் பார்த்தார். நீங்கள்தான் நட்டதா என்று கேட்டார், ஆமாம் என்றேன். எப்போது என்று அவர் கேட்கவில்லை. எச்சரிக்கைக் குறியை மீறிச் சென்றதால் நேர்ந்த விபத்து என்று எழுதினார்.

அது ஊரில் பரவிவிட்டது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? சம்மோலுக்கு வயதாக ஆகத் திமிர் ஏறிவிட்டது, குறுக்குக் கிளையையே மதிக்காமல் போயிருக்கிறார் என்று கடையில் அவர் பிள்ளைகள் காதுபடப் பேசினார்கள். எங்கள் ஆட்களுக்கு அதைவிடக் கேவலம் கிடையாது. அண்ணி மட்டும் நம்பவில்லை. "நாப்பது வருஷத்துல குறுக்குக் கிளையை ஒரு தடவை தாண்டினதில்ல அவரு. மான் போனாலும் போகட்டும்னு சுத்தித்தான் வருவாரு" என்று சொல்லிச் சொல்லி அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தேற்றினேன். வேறு யார் இருக்கிறார்கள் தேற்ற? மார்ச்சில் கூட்டம் கூடியது. அண்ணனைப் பறிகொடுத்தவன், குடிலையும் பிடுங்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

கடந்த டிசம்பரில் ஹன்னெகே அம்மாவிடமிருந்து ஒரு பொட்டலம் வந்தது. வெள்ளைத் துணியில் நீல நூலால் அந்தச் சொல்லைப் பின்னிச் சட்டம் போட்டு அனுப்பியிருந்தார். கீழே சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் பொருள்: ஏரி தூக்கத்தில் பேசுகிறது. தன் வாழ்நாளில் கற்ற சொற்களில் இதுதான் அழகானது என்று கடிதம். சாப்பாட்டு அறைச் சுவரில் மாட்டினேன். அன்பாகக் கொடுத்ததை என்ன செய்வது, பெட்டியில் போட்டு மூடவா? வருகிறவர்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள், அதனால் இன்றைய சொல் அட்டையிலும் சேர்த்துவிட்டேன்.

நேற்று மத்தியானம் அண்ணி வந்தார். அண்ணனின் ஏரித் துளைப்பானைக் கொண்டுவந்திருந்தார். "பசங்க இனிமே ஏரிப் பக்கமே போகலைங்கறாங்க. நீயே வச்சுக்கோ" என்றார். காப்பி ஊற்ற நான் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது அவர் சுவர் முன்னால் நின்றிருந்தார்.

"இது யாரு தந்தது?"

"போன வருஷம் வந்த ஒரு அம்மா."

"போன வருஷம்னா எப்ப?"

தேதியைச் சொன்னேன். வேறு தேதியைச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை.

"இந்தச் சொல்லை அவங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கரையில நின்னப்போ கேட்டாங்க."

அண்ணி அந்த நீல எழுத்துகளை விரலால் தடவி, சத்தமாகப் படித்தார். வியெல்யாஷ். எங்கள் மொழி தெரிந்த யாரை வேண்டுமானாலும் நீங்கள் கேட்டுக்கொள்ளலாம். அதற்குத் தம்பி என்று பொருள். என்னை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒருவர்தான் இருந்தார்.

அண்ணி அழவில்லை, திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எத்தனை தடவை கூப்பிட்டாரு?"

தெரியாது என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். காப்பி அப்படியே இருந்தது. அது ஒன்றைத் திருத்திச் சொல்லத்தான் இன்று காலை நானாக வண்டி எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தேன். நீங்களே அண்ணியிடம் சொல்லிவிடுங்கள், எனக்கு அங்கே போக முகமில்லை.

பதினேழு தடவை. ஏரி போடும் சத்தத்தை நான் ஒருநாளும் எண்ணியதில்லை. அன்று எண்ணினேன். இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடட்டும், போய்விடலாம் என்று ஒவ்வொரு தடவையும் கையுறையை இறுக்கி மாட்டிக்கொண்டுதான் நின்றேன். பதினேழோடு அவர் நிறுத்திவிட்டார். பதினெட்டாவது தடவை கூப்பிட்டிருந்தால் கட்டாயம் போயிருப்பேன்.